மச்சான் இல்லாத நாடு

ஈக்வடோருக்குப் போவதில்லை என்று நான் உறுதியாக முடிவெடுத்தேன். எங்கள் வீட்டில் முடிவெடுக்க எனக்கு முழு உரிமை உண்டு. அதை நிலாணியிடம் சொல்லும் துணிவுதான் இல்லை.

நிலாணி என் மனைவி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்து, சண்டையால் பாதியில் விட்டவள். தொண்ணூற்றாறில் கனடாக் கடவுச்சீட்டு கைக்கு வந்த அன்றே, முதல் பயணம் ஈக்வடோருக்கு என்றாள். ஹம்மிங்பேர்ட் பார்க்க வேண்டுமாம். பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றபடி தேன் குடிக்கும் சின்னப் பறவை.

"உந்தப் பறவை இஞ்சையும் வருதுதானே," என்றேன்.

"இஞ்சை ஒரு வகை. அங்கை நூறுக்கு மேல."

"அங்கை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?"

இது சாதாரணக் கேள்வி அல்ல. எங்கள் சனம் லண்டனுக்குப் போகும், பாரிசுக்குப் போகும். இறங்கினால் வாசலில் ஒரு மச்சான் நிற்பார், அவர் வீட்டில் சோறு இருக்கும். மச்சான் இல்லாத நாட்டுக்கு மனிதர் ஏன் போகவேண்டும்?

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போறம்," என்றாள்.

என் தயக்கத்துக்கு என் வேலையும் ஒரு காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அந்தப் பட்டத்தோடு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் இருந்து, மனிதருக்கு என்னென்ன கெடுதி நடக்கக்கூடும் என்று நாள் முழுக்க யோசிக்கிறேன். வீட்டுக்கு வந்த பிறகும் யோசிக்கிறேன். அதற்குச் சம்பளம் இல்லை.

யோசித்ததில் ஒரு வழி தெரிந்தது. எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடியில் பத்மநாதன் அண்ணை என்று ஒருவர் இருக்கிறார். கனடாவுக்கு வரும் வழியில், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை ஈக்வடோரில் மாதக்கணக்காக வைத்திருந்தான். அவரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்து நிலாணியைக் கொஞ்சம் பயமுறுத்திவிடும்படி கெஞ்சினேன். அதற்கென்ன தம்பி என்றார்.

வந்தார். புட்டும் கணவாய்க்கறியும். தலைநகர் கீத்தோ மலைக்கு மேலே இருக்கிறது, இறங்கின உடனே தலை இடிக்கும், மூச்சு வாங்கும் என்று நன்றாகத்தான் தொடங்கினார். நிலாணி அவருக்கு இன்னும் கொஞ்சம் புட்டுப் போட்டாள். நான் என் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"அப்ப என்ன செய்யவேணும் அண்ணை?"

கேட்டது யார் என்று பார்த்தேன். நான்தான்.

முதல் இரண்டு நாளும் ஓடித் திரியாமல் ஆறுதலாக இருக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றார். குழாய்த் தண்ணீரா என்று பதறினேன். கொதிக்க வைத்தது, இல்லாவிட்டால் போத்தலில் அடைத்தது. அடுத்ததாகக் காட்டுப் பக்கத்தில் மஞ்சள் காய்ச்சல் என்றார். ஊசி எப்போது போடுவது என்றேன். புறப்படப் பத்து நாளுக்கு முன்னராவது போட வேண்டுமாம். பஸ்ஸில் பையை வெட்டிக் களவெடுப்பார்கள் என்றதும், கடவுச்சீட்டை உடம்போடு கட்டி, அதன் பிரதியை வேறு பையில் வைக்கலாம் என்று நானே தீர்ப்புச் சொன்னேன். பின்னேரங்களில் மழை கொட்டும் என்றார்.

"அப்ப விடியவே வெளிக்கிடுவம்," என்றேன்.

நிலாணி அப்போதுதான் வாய் திறந்தாள்.

"அண்ணை, நீங்கள் அந்தப் பறவையைப் பாத்தனீங்களோ?"

விசாப் பேப்பர் இல்லாததால் ஏஜென்சிக்காரன் அவரை வெளியே விடவில்லையாம். வீட்டுக்காரி முற்றத்தில் பறவைகளுக்குச் சீனித்தண்ணீர் கட்டித் தூக்குவாளாம்.

"பச்சையா ஒண்டு வரும் பிள்ளை. நான் யன்னலுக்குள்ளால பாத்தனான். நீங்கள் வெளியில நிண்டு பாருங்கோ."

அண்ணை கை கழுவப் போனதும் நிலாணி என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"உங்களுக்குக் காய்ச்சலுக்கும் களவுக்கும் பயமில்லை, என்ன? பிளேன் ஏறினா வீட்டை திரும்பேலாது எண்டுதானே பயம்."

நான் விமானம் ஏறியது ஒரே ஒருமுறை. அது திரும்பி வராத பயணம்.

"இந்த முறை போய்த் திரும்பி வாறம். வீட்டுத் திறப்பு என்ர கையிலதான் இருக்கும்," என்று சொல்லி, சட்டியில் இருந்த பெரிய கணவாய்த் துண்டை என் கோப்பையில் போட்டாள்.

"சரி, போவம்," என்றேன்.

திட்டம் தோற்றாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. லிஃப்ட் வரைக்கும் போய் அண்ணைக்கு நன்றி சொன்னேன். நீங்கள் சொன்னபடி செய்தீர்கள், நிலாணிதான் பயப்படவில்லை என்றேன். லிஃப்டுக்குள் ஏறி நின்றுகொண்டு அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"அவவை ஏன் தம்பி நான் பயப்படுத்துவான்? நீர் வாறதுக்கு முதல் நாளே பிள்ளை வந்து சொல்லிப்போட்டுப் போனவ. அவர் உங்களிட்ட வருவார், அவரை மட்டும் நல்லாப் பயப்படுத்துங்கோ அண்ணை, மிச்ச ஆயத்தம் எல்லாம் அவரே செய்வார் எண்டு."