காகிதம் அண்ணாச்சி தலையாட்டாத பெட்டி

பம்பாயில் அந்நாளில் ஒழுங்காக ஓடிய லாரிகளெல்லாம் காகிதம் அண்ணாச்சி தலையாட்டிய பிறகு ஓடியவை. நடுரோட்டில் புகைவிட்டு நின்றவையெல்லாம் அவர் தலையாட்டாமலே ஓட்டியவை. நான் அளக்கிறேன் என்று நினைத்தால், யுத்தம் முடிந்த காலத்தில் தாராவியில் லாரி வைத்திருந்த யாரையாவது கேட்டுப் பாருங்கள். நான் குறைத்துச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வருவார்கள்.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும், ஆனால் புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அந்த அம்மாளுக்கு இல்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவியில் லாரி மெக்கானிக்காக இருந்தார் என்பது மட்டும் ஊரறிந்த விஷயம். காகிதம் என்ற பட்டம் எப்படி வந்தது என்பதற்கு முதலில் என் வயிற்றுப்பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சயானில் ஒரு குஜராத்தி சேட்டின் மோட்டார் சாமான் கடையில் நான் கிளார்க். வயது இருபத்திரண்டு, ஜாகை மாட்டுங்காவில் அக்கா வீட்டில். பாலக்காட்டில் என் அப்பா, பிள்ளை பம்பாயில் மோட்டார் கம்பெனி மானேஜர் என்று அக்கிரகாரம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். லாரியில் சக்கரம் எது, ஸ்டியரிங் எது என்பது வரைக்கும் மானேஜருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

தேய்ந்துபோன இன்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டிய பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே மரப்பெட்டியில் வரும். அதற்கு ஓவர்ஹால் செட் என்று பெயர். ராணுவம் ஏலம் விட்ட பெட்டிகள் கடையில் கூரைவரை அடுக்கியிருந்தன. எந்த லாரிக்கு எந்தப் பெட்டி என்று தலையணை கனத்தில் இருந்த இங்கிலீஷ் கேட்லாக்கைப் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். பெட்டியைக் கடைக்குள் பிரித்துப் பார்க்கலாம், கடைவாசலைத் தாண்டினால் திரும்ப எடுக்க மாட்டோம். நான் எடுத்துக் கொடுத்த பெட்டி பொருந்தவில்லையென்றால் சேட் என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். ஆறு மாதத்துக்குள் மூன்று கோடு விழுந்தால், அந்தச் சனிக்கிழமையே மானேஜர் பாலக்காட்டுக்கு ரயிலேற வேண்டும்.

இந்தக் கோடுகளைப் போட வைப்பதற்கென்றே பிறந்தவர்போல அண்ணாச்சி கடைக்கு வருவார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர் மேல் நம்பிக்கையும் கிடையாது. இன்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் ஓட்டை போட்ட தகடான கேஸ்கெட்டை வெளியே கொண்டுபோக முடியாது, இன்ஜினைக் கடைக்குள் கொண்டுவர முடியாது. அதனால் அவர் இன்ஜினின் ஜாடையைக் கொண்டுவருவார். பிரித்த இன்ஜின் மேல் பழுப்புக் காகிதத்தை விரித்து, சுத்தியலால் பொட்டுப் பொட்டென்று ஓரமாகத் தட்டுவார். எண்ணெய்க் கறையோடு ஒவ்வொரு ஓட்டையும் காகிதத்தில் விழுந்துவிடும். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாராவியிலிருந்து நடந்தே வருவார். என் ரிஜிஸ்டரின் மேலேயே காகிதத்தை விரித்து, எங்கள் கேஸ்கெட்டை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளாஸை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அவர் தலை முன்னும் பின்னும் ஆடினால் வியாபாரம், இடமும் வலமும் ஆடினால் எனக்குக் கோடு.

முதல் கோடு நான் சேர்ந்த மூன்றாவது வாரமே விழுந்தது. லாரி யுத்தத்துக்கு முந்திய மாடல் என்றார்கள். கேட்லாக்கில் அந்த வருஷத்துக்கு நேரே இருந்த பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். காகிதத்தில் ஆறு சிலிண்டர் இருந்தது. என் கேஸ்கெட்டில் நாலுதான் இருந்தது.

"சாமி, வண்டிக்கு மட்டும் வயசு கேட்டிய. வயித்துக்குள்ள கெடக்கது வேற வண்டி இன்ஜின்லா! யுத்தத்துல கவுந்து கெடந்த லாரில இருந்து களத்தி மாட்டுனது."

"கேட்லாக்ல அச்சுல போட்டிருக்கே, அண்ணாச்சி!"

"அச்சுல கல்யாணப் பத்திரிககூடத்தான் போடுதாவ. எத்தன கல்யாணம் நின்னு போயிருக்கு!"

கடை முழுக்கச் சிரித்தது. சேட்டுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சிரித்துக்கொண்டே சாக்பீஸை எடுத்தார்.

இரண்டாவது தடவை நான் உஷாராக இன்ஜின் நம்பரையே கேட்டு வாங்கிப் பெட்டியை எடுத்தேன். காகிதமும் கேஸ்கெட்டும் கச்சிதமாகச் சேர்ந்தன. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதற்குள், அண்ணாச்சி மடியிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை எடுத்தார். சிலிண்டரின் குறுக்களவுக்குச் சரியாக ஒடித்த குச்சி. என் பிஸ்டன் தலைமேல் அதை வைத்தால், ஓரத்தில் நூலளவு நீட்டிக்கொண்டு நின்றது. தேய்ந்த சிலிண்டரை யாரோ முன்பே ஒருமுறை குடைந்து பெரிதாக்கியிருக்கிறார்கள். அதற்குப் பெரிய அளவு பிஸ்டன் வேண்டும், நான் எடுத்ததோ சாதா அளவு. இரண்டாவது கோடு.

இந்தக் குச்சி உபாயத்தால் அவர் சந்தில் எந்த வீட்டிலும் விளக்குமாறு முழுசாக இருந்ததில்லை. ஒருநாள் அவர் மனைவியே கடைக்கு வந்து முறையிட்டார். "சாமி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும், சரியான பெட்டியா முதல்லயே குடுத்துருங்க. வீட்டுல பெருக்க வாரியல் இல்ல."

எதை வாங்கினாலும் அவருக்கு இதே முறைதான். பாத்திரக் கடைக்கு மூடி வாங்கப் போனால் பானை வாயின் பிரதியோடு போவார். மூக்குக் கண்ணாடி வாங்கப் போனபோது, முகத்தில் காகிதத்தை ஒட்டிக் கரியைத் தேய்த்து எடுத்த மூக்கைக் கடைக்காரர் முன்னால் விரித்திருக்கிறார். 'மூக்குதான் உங்களோடயே வந்திருக்கிறதே, இது எதுக்கு?' என்று கடைக்காரர் கேட்டாராம். 'நேர்ல பாத்தா எல்லா மூக்கும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்' என்றாராம் அண்ணாச்சி.

ஆறாவது மாதம் வந்தது. வெளியே ஜூலை மழை ஊற்றிக்கொண்டிருந்தது. தாராவித் தோல் பதனிடும் கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றும் தங்கையா என்பவர் தம் லாரிக்கு ஓவர்ஹால் செட் கேட்டு வந்தார். யார் மெக்கானிக் என்று கேட்டேன். அண்ணாச்சி என்றார். சுவரில் மூன்றாவது கோட்டுக்குக் காலியாக இருந்த இடத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இந்த முறை நான் எடுத்த எடுப்பில் கேட்லாக்கைத் தொடவேயில்லை. வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மழையில் நனைந்து தாராவிக்கே போனேன். தார்ப்பாய்க்கு அடியில் லாரி வாய் பிளந்து நின்றது. அண்ணாச்சி அப்போது சாப்பாட்டுக்குப் போயிருந்தார். இன்ஜின் பக்கவாட்டில் இருந்த அழுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, நம்பரை மூன்றுமுறை எழுதிக்கொண்டேன். முன்பே குடைந்த சிலிண்டரா என்று தங்கையாவைத் துருவினேன். அக்கா வீட்டு விளக்குமாற்றிலிருந்து உருவிக்கொண்டு போயிருந்த ஈர்க்கால் ஆறு சிலிண்டரையும் அளந்தேன். கடைக்கு வந்து, அந்த நம்பரைக் கேட்லாக்கில் தேடிப் பெட்டியை எடுத்து, பிஸ்டனில் குச்சியை வைத்துப் பார்த்தேன். மயிரிழை பிசகில்லை. அக்காவிடம் வாங்கிய வசவுகூட அன்று இனித்தது.

மறுநாள் வியாழக்கிழமை. தங்கையா பின்னால் வர, அண்ணாச்சி காகிதச் சுருளோடு வந்தார். முதலில் குச்சி வைத்துப் பார்த்தார். சரி. பிறகு காகிதத்தை விரித்து, கேஸ்கெட்டை வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். இந்தக் கோடியில் ஓட்டைகள் சேர்ந்தன. அந்தக் கோடியில் விரல் அகலத்தில் கால்வாசி விலகி நின்றன.

"அண்ணாச்சி, நானே நேர்ல வந்து நம்பர் பார்த்தேனாக்கும்! குச்சியும் சரியா இருக்கே!"

"குச்சி சேருது, காயிதம் சேரலியே சாமி. நம்பரு மனுசன் போட்டது. ஓட்ட இன்ஜின்ல இருக்கது. நான் யார நம்பணும்ங்கிய?"

தலை இடமும் வலமும் ஆடியது. சேட் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு வந்து, மூன்றாவது கோட்டைப் போட்டார். "தீன் ஹோ கயா, பாபு," மூன்றாகிவிட்டது என்று வருத்தமாகத்தான் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை போஸ்ட்கார்டு ஒன்று வாங்கினேன். ஒரு மானேஜரை எந்தக் காரணத்துக்காக வேலையிலிருந்து அனுப்புவார்கள் என்று யோசித்து யோசித்து, 'க்ஷேமம்' என்பதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அக்கா என் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்தாள். எனக்கு அழுகை வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அன்றைக்கு அண்ணாச்சியை நினைத்துப் பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

சனிக்கிழமை காலை பதினோரு மணி. கடையில் கூட்டமான கூட்டம். அண்ணாச்சி வந்தார். இரண்டு கக்கத்திலும் இரண்டு சுருள். முகம் செத்துப்போயிருந்தது. நேரே என் மேஜைக்கு வந்து இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார்.

"இது ரெண்டும் ஒரே இன்ஜின்ல எடுத்தது, சாமி. பாத்தியளா, ரெண்டும் சேரல."

அவர் எனக்கு மட்டும் சொல்லவில்லை. கூட்டத்துக்கே கேட்கும்படி உரக்கத்தான் சொன்னார்.

"புதன்கெழம மழைல தார்ப்பாய் ஒழுகி காயிதம் நனஞ்சு போச்சு. நான் கிறுக்கன், அடுப்பு மேல போட்டுக் காயவச்சேன். அது சுருங்கிட்டு. நேத்து, எங்கெங்க சேரலன்னு தங்கையாவுக்குக் காட்டுததுக்காவ அதையே கொண்டுபோய் இன்ஜின் மேல வச்சேன். பெத்த இன்ஜினோடயே சேரமாட்டேங்கு! நேத்து மழ வெறிச்ச நேரத்துல புதுசா ஒண்ணு எடுத்தேன். அந்தக் கேஸ்கெட்ட எடுங்க."

எடுத்தேன். அதை வாங்கிக் காகிதத்தின் மேல் அவரே வைத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அத்தனை ஓட்டைக்குள்ளும் வெயில் வட்ட வட்டமாகத் தெரிந்தது. தலை முன்னும் பின்னும் ஆடியது.

பிறகு தம் மழலை ஹிந்தியில் சேட்டிடம் சொன்னார்: "சேட், பாபு கா நம்பர் சஹி. மேரா காகஜ் ஜூட்டா." பாபுவின் நம்பர் சரி, என் காகிதம்தான் பொய் என்று அர்த்தம்.

சேட் எழுந்திருப்பதற்கு முன்பே அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் போனார். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, மூன்றாவது கோட்டை அழுத்தித் துடைத்தார். என் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில், மற்ற இரண்டு கோட்டையும் காட்டி, "அண்ணாச்சி, அப்படியே இதையும்..." என்று இழுத்தேன்.

"அதெப்படி? அது ரெண்டும் நீங்க பண்ணுன தப்புல்லா. அது கெடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, கைவிரலை வேஷ்டியில் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கணக்கு முடிக்கவில்லை. ஆறாவது மாதம் முடிந்து வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் அண்ணாச்சியின் மானம் தாராவியில் கப்பலேறியது. அவர் தெருவில் நடந்தால், "காயிதம் காஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று பொடிசுகளிலிருந்து பெரியவர்கள் வரை கேட்டார்கள். அவர் தலையாட்டினாலும், "இன்னொருக்க வச்சுப் பாத்துரும்" என்று லாரிக்காரர்கள் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த மழைக்காலம் வரை இந்தக் கேலி நிற்கவில்லை. அவர் யாரோடும் மல்லுக்கு நிற்காமல், காகிதத்தை ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டு வந்தார்.

வெகு நாள் கழித்து ஒருநாள் கேட்டேவிட்டேன். "அன்னிக்கு எதுக்கு அத்தனை பேர் முன்னாடி வந்து சொன்னேள்? பேசாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்களுக்காவ வந்தேன்னா நெனச்சிய? நல்லா இருக்கே கத! தங்கையா வண்டிக்கு அந்தப் பெட்டி வேணும்லா? அதுக்காவ வந்தேன்."

அதே மாதிரிப் பெட்டி எதிர்வரிசையில் இரண்டு கடைகளில் இருந்தது. எங்கள் சேட்டைவிட மலிவாகவே கொடுத்தார்கள். தங்கையாவை அங்கே அனுப்பிவிட்டு, சுருங்கிய காகிதத்தை அடுப்புக்குள் போட்டிருந்தால் அண்ணாச்சியின் பெயர் கெட்டிருக்காது, நான்தான் பாலக்காட்டில் இருந்திருப்பேன். இது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் அவ்வளவு கோபமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

என்னைப் பிடிக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அவரிடம் சொன்னதில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: அண்ணாச்சி, எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும்.