டிக்கிக்குள் ஒரு இடி

ஒரே வாரத்தில் தெருவை அதிர வைப்பது என்று லிஃப்ட் மெக்கானிக் தீர்மானம் செய்தார்.

சொந்தக் குரலால் அது ஆகாது. வீட்டுக்குள்ளேயே எடுபடாத குரல். ஆகவே கார் டிக்கியில் ஒரு பெரிய பெட்டி, பெட்டிக்குள் இரண்டு சப்வூஃபர், பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயர். பாட்டுப் போட்டால் பேஸ் காதில் விழக்கூடாது. வயிற்றில் விழ வேண்டும். அதுதான் லட்சியம்.

பெட்டியை மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு வந்தவரை மனைவி வாசலிலேயே மடக்கினாள். அவளுக்கு நூலகத்தில் வேலை. பகலெல்லாம் உதட்டில் விரல் வைத்து ஊரை அடக்குகிறவள். வீட்டில் விரல்கூடத் தேவைப்படாது.

“என்னங்க அது? ஃபிரிட்ஜா?”

“சப்வூஃபர்.”

“அது என்ன பண்ணும்?”

“பேஸ் குடுக்கும். தும் தும்னு அடிக்கும்.”

“அதான் தூங்கும்போது நீங்க குடுக்கறீங்களே. இருபத்திரண்டு வருஷமா கேட்டுட்டுதானே இருக்கேன்.”

“குறட்டைக்கும் பேஸுக்கும் வித்தியாசம் தெரியாதவகிட்ட என்ன பேசறது?”

“ஏன் தெரியாது? இதுக்கு சுவிட்சு இருக்கு.”

மெக்கானிக் பெட்டியைக் கீழே வைத்தார். கால் மேலேயே வைத்துவிட்டார். வலியை முகத்தில் காட்டவில்லை.

“டிக்கி பூரா இதுவே அடைச்சுக்கிட்டா சாமான் எங்க வைக்கறது?”

“மடியில வச்சுக்க.”

“மடியில வைக்க நான் எப்போ கார்ல ஏறினேன்? லைசென்ஸ் வாங்கி மூணு மாசம் ஆச்சு. இன்னும் ரெண்டு பஸ் மாறித்தான் லைப்ரரிக்குப் போறேன்.”

“நீ கேட்டைத் தாண்டறதுக்குள்ள கியர் கையோட வந்துரும்.”

மூன்று மாதமாக வீட்டில் நடக்கும் வழக்கு இதுதான். கார் சாவி மெக்கானிக்கின் பாக்கெட்டை விட்டு இறங்கியதே இல்லை. குளிக்கப் போனால் அதுவும் கூடவே குளிக்கும்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே தலையை நீட்டினார். சின்ன வயது. அடுத்தவர் வாயைத் திறப்பது தொழில். தன் வாயை மூட மட்டும் பழகவில்லை.

“சார், இந்தக் குட்டிக் காருல அவ்வளவு பேஸ் வருமா? எனக்கு நம்பிக்கை இல்ல சார்.”

“வராதா? பத்து மாடிக்கு லிஃப்டை ஏத்தி இறக்கறவன் தம்பி நான். இதுல என்ன இருக்கு? ரெண்டு ஸ்பீக்கர், நாலு ஒயர். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க. ரெண்டு ஸ்பீக்கரையும் சேத்துப் போட்டு, டேஷ்போர்டு மேல ஒரு டம்ளர் தண்ணி வைக்கறேன். அது அலையடிக்கலேன்னா என் காதை அறுத்துக்கறேன்.”

“காது எதுக்கு?” என்றாள் மனைவி. “நான் பேசும்போது அதை உபயோகிச்சதே இல்ல. சாவியைக் குடுங்க.”

“எந்தச் சாவி?”

“கார் சாவி. தண்ணி ஆடலேன்னா திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் கார் எனக்கு. உங்களுக்கு பஸ்.”

“ஆடிச்சுன்னா?”

“கார் வேணும்னு இந்த ஜென்மத்துல கேக்க மாட்டேன்.”

கல்யாணமான நாளிலிருந்து இப்படியொரு சலுகை வந்ததில்லை. மெக்கானிக் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்கலாம்.

“சம்மதம். டாக்டர் தம்பிதான் சாட்சி.”

சனிக்கிழமை முழுக்க வேலை. பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்கு ஒரு ஒயர். அதில் ஒரு ப்யூஸ். ஒயரை மிதியடிக்கு அடியில் பாம்பு மாதிரி ஓட்டி டிக்கிக்குக் கொண்டுவந்தார். பெயிண்டைச் சுரண்டி, கிரௌண்ட் ஒயரைத் தகரத்தோடு முறுக்கினார். ஸ்பீக்கருக்குச் சிவப்பும் கறுப்புமாய்க் கடைக்காரர் கொடுத்த ஒயரைத் தொடவே இல்லை. லிஃப்ட் வேலையில் மிஞ்சிய கறுப்பு ஒயர் இருந்தது. எல்லாமே கறுப்பு.

“எது எதுன்னு குழம்பாதா?” என்றாள் மனைவி.

“கலர் பாத்து மாட்டறவன் கத்துக்குட்டி. எனக்குக் கையே சொல்லிரும்.”

கை சரியாகத்தான் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போட்டுப் பார்த்தார். கொடியில் துணிகளைப் பிடித்திருந்த கிளிப்புகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. எதிர் மரத்துக் காக்கைகள் குடும்பத்தோடு காலி செய்தன. டம்ளர் தண்ணீர் அலையடிக்கவில்லை, எம்பிக் குதித்தது. மெக்கானிக்கின் தொப்பையும்தான்.

ஆம்ப்ளிஃபயர் சூடு ஆறட்டும் என்று டிக்கியைத் திறந்தே விட்டுவிட்டு, வெற்றிவீரராகச் சாப்பிட உட்கார்ந்தார். கேட்காமலேயே மனைவி இரண்டாம் முறையும் பரிமாறினாள். அங்கேயாவது சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஐந்து மணி. டாக்டர் மடக்கு நாற்காலியோடு வந்து உட்கார்ந்தார். டம்ளர் டேஷ்போர்டு ஏறியது. மெக்கானிக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டார்.

பாட்டு வந்தது. பேஸ் வரவில்லை.

பாடுகிறவர் போர்வைக்குள் மாட்டிய கொசு மாதிரி முனகினார். தண்ணீர் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி அசையாமல் இருந்தது.

“ஆரம்பிச்சுட்டீங்களா சார்?” என்றார் டாக்டர்.

மெக்கானிக் டிக்கிக்குள் பாய்ந்தார். ப்யூஸ் சரி. கிரௌண்ட் சரி. ஆம்ப்ளிஃபயரில் பச்சை விளக்கு பல்லைக் காட்டியது. ஒரு ஸ்பீக்கரின் ஒயரைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் ஓட விட்டார். தும் தும்! அதை நிறுத்தி இதை ஓட விட்டார். தும் தும்! இரண்டையும் சேர்த்தார். கொசு.

“தனித்தனியா இருக்கும்போது கர்ஜிக்குது,” என்றார், வேர்வை சொட்ட. “சேந்தா பேச்சு மூச்சைக் காணோம்!”

“நம்ம வீட்டுக்கு நேர் தலைகீழ்,” என்றாள் மனைவி.

“ரெண்டும் சேந்து போட்டாத்தானே சார் கணக்கு?” என்றார் டாக்டர்.

“இருங்க தம்பி. லிஃப்டே நடுவுல நின்னா பத்து நிமிஷம் பொறுப்பாங்க.”

பொறுத்தார்கள். ஆறு மணி வரை பொறுத்தார்கள். டம்ளரில் ஒரு எறும்பு விழுந்தபோது மட்டும் தண்ணீர் கொஞ்சம் ஆடியது. டாக்டர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

சாவி கை மாறியது. பாக்கெட் லேசாகிவிட்டதில் மெக்கானிக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

திங்கட்கிழமை காலை பஸ் ஸ்டாப். தலைக்கு மேலே தகரக் கூரை கடகடவென்று ஆடியது. லாரி என்று நினைத்துத் திரும்பினார். லாரி இல்லை. அவருடைய கார். தும்! தும்! தும்! கண்ணாடியெல்லாம் அதிர, அவர் முன்னாலேயே வந்து நின்றது. கியர், கையோடு வராமல், காரிலேயே இருந்தது. மனைவி சத்தத்தைக் குறைத்துவிட்டு ஜன்னலை இறக்கினாள்.

“நேத்து வராதது இன்னிக்கு எப்படிடி வருது?”

“ஒரு ஸ்பீக்கர்ல மட்டும் ரெண்டு ஒயரையும் இடம் மாத்தி மாட்டினேன். நீங்க தூங்கும்போது. சாவி வந்ததும் பழையபடி மாத்திட்டேன்.”

“மாத்தினா?”

“ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும். இது குடுக்கற பேஸை அது முழுங்கிரும். தனித்தனியாப் போட்டா ஒண்ணும் தெரியாது.”

“உனக்கு யாரு சொன்னா?”

“நீங்கதான். மோட்டர்ல ரெண்டு ஒயரை மாத்தினா மேல போற லிஃப்ட் கீழ போகும்னு கல்யாணமான நாள்லேருந்து சாப்பாட்டுத் தட்டு முன்னாடி உக்காந்து சொல்றீங்களே. ஸ்பீக்கரும் அப்படித்தானோன்னு லைப்ரரில ஒரு புத்தகத்தைப் பொரட்டினேன். அப்படித்தான்.”

“இது அழுகுணி ஆட்டம்!”

“ஆட்டம் எங்க இருந்துச்சு? தண்ணி ஆடவே இல்லையே.”

பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது.

“அது சரி, உனக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? நீ லைப்ரரிக்காரி.”

“நாள் பூரா ‘உஷ், உஷ்’னே பொழப்பு ஓடுது. போற வழியிலாவது வயிறு குலுங்கட்டும்.”

கூரையை இன்னொரு முறை ஆட்டிவிட்டுக் கார் போனது. ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மெக்கானிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை. நிமிர்ந்து நின்று, “ஒயரிங் நம்மளது!” என்று அறிவித்தார்.

எதிரே இருந்த தன் கிளினிக்கிலிருந்து பல் டாக்டர் ஓடி வந்தார். கையில் இன்னும் இடுக்கி.

“சார்! என்ன பேஸ் சார் அது! நான் புடுங்க வேண்டிய பல்லு தானா விழுந்துருச்சு!”

“பாத்தீங்களா தம்பி? வராதுன்னீங்களே!”

“தப்புதான் சார். என் காருக்கும் இதே மாதிரி போட்டே ஆகணும்.”

மெக்கானிக்கின் நெஞ்சு இரண்டு சப்வூஃபர் அளவுக்கு விரிந்தது. “ஞாயித்துக்கிழமை வந்தர்றேன். டூல்ஸெல்லாம் நம்மகிட்டயே இருக்கு.”

“கட்டாயம் வாங்க சார். லைப்ரரி அக்காவும் சொன்னாங்க, அவங்க ஒயர் மாட்டும்போது டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேணும்னு.”