அலமாரிக்குள் அண்ணாச்சி

மும்பையில் பெட்டி போன்ற வீடுகளில் எத்தனையோ பேர் குடியிருக்கிறோம். ஆனால் தான் செய்த பெட்டிக்குள் தானே போய், கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கும் தச்சர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். சந்தேகமிருப்பவர்கள் என் வீட்டுக்கு வந்து சிங்க்குக்குப் பக்கத்து அலமாரியைப் பார்க்கலாம். அவர் உட்கார்ந்த இடம் அது.

அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பட்டறை தாராவியில். மாதுங்காவிலும் செம்பூரிலும் 'டப்பா அண்ணாச்சி' என்றால் போதும். சமையலறை அலமாரியில் கதவை நீக்கிவிட்டால் மிஞ்சுகிற பெட்டிக்குத் தச்சர்கள் பாஷையில் டப்பா என்று பெயர். அண்ணாச்சிக்கு அந்த டப்பாதான் உலகம். நாலே முக்கால் அடி உயரம், உடம்பு என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. மடித்தால் மடங்குவார்.

என் மனைவி மங்களத்துக்குப் புது கிச்சன் வேண்டும் என்ற ஆசை வெகுகாலமாக உண்டு. எங்கள் பழைய அலமாரிகள் ஈரத்தில் ஊதிப்போய், துவரம்பருப்பு டப்பாவை எடுக்க நான் சுவரில் காலை உதைத்துக் கதவை இழுக்க வேண்டியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் கட்டடத்து இரண்டாவது மாடி வீட்டில் புதிதாகப் போட்ட கிச்சனைத் திறந்து காட்டினார்கள். பார்க்கப்போன மங்களம் ஐந்தே நிமிஷத்தில் கண்ணீரும் இருமலுமாக இறங்கி வந்தாள். செம்பூர்க் காற்றையே முப்பது வருஷமாகச் சமாளிக்கிற ஆஸ்துமாக்காரி. அன்று இன்ஹேலரை நாலு முறை அடித்துக்கொண்டாள். புதுப் பலகையின் பசை நெடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அந்த நெடி வரும்னா எனக்குப் புது கிச்சனே வேண்டாம். கதவை உதைச்சுண்டே காலத்தைத் தள்ளிடலாம்" என்றாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது. நெடி அடிக்காத டப்பா செய்கிறவர் என்று கேள்விப்பட்டுக் கூப்பிட்டேன். அப்படித்தான் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

மங்களம் ஆசையாகக் கலர் அட்டைகளை விரித்தாள். அவர் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வெளிய எந்தக் கலர் வேணாலும் போடுங்க மாமி. அது விருந்தாளி பாக்கது. உள்ள என்ன பலகைங்கதுதான் உங்களுக்கு."

நாலு விதப் பலகைத் துண்டுகளை எங்கள் குளியலறை வாளியில் ஊறப் போட்டுவிட்டுப் போனார். மூன்று நாள் நான் சொம்பை வைத்துக்கொண்டு குழாயடியில் குளித்தேன். தினமும் காலையில் போன்.

"சார், சௌக்கியமா இருக்கா?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"உங்களைக் கேக்கலை சார். பலகையைக் கேட்டேன்."

மூன்று துண்டுகள் ஊதிப் பிளந்தன. நாலாவது மட்டும் கல் மாதிரி கிடந்தது. ஊறினாலும் ஊதாது, நெடியும் அடங்கிய ரகம் என்று அதன் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கடைக்குக் கொடுத்தார்.

டப்பாவுக்குள் உட்காருவது எதற்கு என்று கேட்டேன். "வெளிய நின்னு மோந்தா பலகை நடிக்கும் சார். கதவைச் சாத்திட்டு உள்ள இருந்து பாருங்க, அதோட நெசக் குணம் தெரிஞ்சிரும்" என்றார். மாதுங்காவில் ஒரு வீட்டில் இவர் இப்படி உள்ளே இருக்கும்போது, விஷயம் தெரியாத வீட்டுக்கார அம்மாள் அலமாரிக் கதவைத் திறந்துவிட்டாள். இவர் உட்கார்ந்தபடியே கும்பிட்டு, "இன்னும் பத்து நிமிசம் இருக்கும்மா" என்றாராம். அந்த அம்மாள் போட்ட கூச்சலில் கட்டடத்து வாட்ச்மேன் தடியோடு மாடி ஏறி வந்தான்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். பழைய கிச்சனைப் பெயர்த்தாயிற்று. அடுப்பு ஹாலுக்கு வந்து டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. நான் செருப்பு ஸ்டாண்டில் தட்டை வைத்து உப்புமா தின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார். கடைக்காரன் போன் பண்ணி, சீட்டில் எழுதிய பலகை வரப் பதினைந்து நாள் ஆகும், வேறு ஒன்று கைவசம் இருக்கிறது, இரண்டு பக்கமும் அதே வெள்ளை மைக்காத் தகடு ஒட்டியிருக்கும், பார்வைக்கு வித்தியாசம் தெரியாது என்றான்.

"அந்தர் கோன் தேக்தா ஹை, சாப்?" உள்ளே யார் பார்க்கிறார்கள் என்று கேட்கிறான். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அனுப்பச் சொல்லிவிட்டேன், மங்களத்திடம் மூச்சுவிடவில்லை. தூசி ஆகாதென்று மங்களம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, அண்ணாச்சியின் மச்சான் வந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஊரிலிருந்து வந்ததும் அண்ணாச்சி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்போதுதான் அக்கா வீட்டிலிருந்து திரும்பிய மங்களத்தை வாசலிலேயே நிறுத்தினார். "நான் பாத்துட்டுச் சொல்லுதேன், அப்புறம் வாங்க" என்று சொல்லி, அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கதவு படாரென்று திறந்தது. கண் இரண்டும் கோவைப்பழம். உளியால் பலகையின் ஓரத்தைச் சுரண்டினார். பொலபொலவென்று மரத்தூள் கொட்டியது. தூளைப் பசையில் குழைத்து அமுக்கிச் செய்த பலகை.

என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்று வாசலிலிருந்து மங்களம் கேட்டாள்.

"கடைக்காரன் பலகையை மாத்தி அனுப்பிட்டான் மாமி. நான் ஊருக்குப் போகாம இருந்து பாத்திருக்கணும். எம்மேலதான் தப்பு" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றி இறக்கினார். என்னிடம் மட்டும் தணிந்த குரலில், "மாமி மூச்சு சார் அது" என்றார். அவ்வளவுதான்.

பதினைந்து நாள் செருப்பு ஸ்டாண்டில் வாயை மூடிக்கொண்டு உப்புமா தின்றேன். சரியான பலகை வந்தது. இந்த முறை மச்சானை அண்ட விடவில்லை, ஒவ்வொரு பலகையையும் அவரே அறுத்து, அவரே மாட்டினார். கடைசி நாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அரை மணி ஆயிற்று, முக்கால் மணியும் ஆயிற்று. சத்தமே இல்லை. ஓடிப்போய்த் திறந்தேன்.

முழங்காலில் தாடையை ஊன்றி, வாயைப் பிளந்துகொண்டு, அண்ணாச்சி சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

மங்களம் பக்கத்தில் வந்து குனிந்து, அலமாரிக்குள் தலையை நீட்டி, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள். நான் இன்ஹேலரோடு நின்றேன். இருமல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எழுப்பாதீங்கோ, பாவம். நீங்க பண்ணின காரியத்துக்கு அவர் ரெண்டு தடவை வேலை பண்ணியிருக்கார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்காரன் மாத்தியிருந்தா அன்னிக்கு ஜன்னலையா பார்த்துண்டு நின்னிருப்பேள்? கடைக்குப் போய்ச் சண்டைன்னா போட்டிருப்பேள்!"

இந்த மனுஷன் நூறு வயது இருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அலமாரிக் கதவை மெல்லச் சாத்தினேன். காற்று போக ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான்.