பத்து டன் அண்ணனின் பத்தியம்

மலேசியாவின் பேராக்கில் செம்பனைப் பழம் ஏற்றிய லாரிக்காரர்களிலேயே எடைமேடையை ஒருமுறைகூட ஏமாற்றாதவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பத்து டன் அண்ணன். உத்தமர் என்பதால் அல்ல. அவரால் லாரியை விட்டு இறங்க முடியாது.

விவரம் இதுதான். எண்ணெய் ஆலைக்குள் நுழையும்போது லாரியைப் பழத்தோடு நிறுப்பார்கள். கொட்டிவிட்டு வரும்போது வெறும் லாரியை மறுபடி நிறுப்பார்கள். சில கில்லாடிகள் முதல் தடவை உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் தடவை சத்தமில்லாமல் இறங்கி ஒதுங்கிவிடுவார்கள். ஆளின் எடை பழக் கணக்கில் சேர்ந்துவிடும். அண்ணனோ காலையில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாடு ஜன்னல் வழியாக உள்ளே போகும். எடைமேடையில் கணக்கெழுதும் கிராணி மற்ற லாரிகளைச் சுற்றிச் சுற்றி வந்து குனிந்து பார்ப்பார். எங்கள் லாரி வந்தால் தலையைத் தூக்கவே மாட்டார்.

"அவரு போகட்டும்லா. அவர இறக்கணும்னா கிரேன் வரணும்."

அடையாள அட்டையில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. தெலுக் இந்தான் பக்கம் அதைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பத்து டன் என்றால் வாசல்வரை கூட்டிப்போய் விடுவார்கள்.

நான் அவரிடம் கெலிண்டானாக, அதாவது லாரித் துணையாளாக, இருந்தேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லூமுட்டில் மீன் படகு, தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை கேண்டீன் என்று எங்கும் ஒரு வருஷம் தாங்காமல் சுற்றிவிட்டு அவரிடம் வந்து சேர்ந்தேன். வலை கட்டுவதும் சிந்திய பழத்தைப் பொறுக்குவதும் என் வேலை என்று முதலாளி தவுக்கே சொன்னார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான வேலை தெரிந்தது. அண்ணனைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாரும்தான் தூங்குகிறார்கள் என்பீர்கள். அண்ணன் சிக்னலில் சிவப்பு விழுந்தால் தூங்குவார். ரொட்டி சானாயைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும் வழியில் தூங்குவார். கை மட்டும் பாதியில் நின்று காத்திருக்கும். துக்க வீடு ஒன்றில் அவர் விட்ட குறட்டை, கிடத்தியிருந்தவரிடமிருந்து வருகிறது என்று நினைத்து ஒப்பாரி வைத்தவர்கள் வாசலுக்கு ஓடியிருக்கிறார்கள். பெண் பார்க்கப் போன வீட்டில் சோபாவிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். அதன்பிறகு அவருக்கு யாரும் பெண் பார்க்கவில்லை.

பாட்டுப் போட்டாலும் கிள்ளினாலும் அவர் அசைய மாட்டார். என்னிடம் ஒரே ஒரு மருந்துதான் இருந்தது.

"அண்ணே, என்ன இருந்தாலும் பினாங்கு சாப்பாட்டுக்கு முன்னால ஈப்போ நிக்குமா?"

"எவன்டா சொன்னான்? அவன இங்க கூட்டிட்டு வாலா! கோயித்தியா நூடுல்ஸுல எறாலு போட்டா ஆச்சா? தாவ்கே மொளப்பயிறு ஈப்போ தண்ணியில வளரணும்டா, தண்ணியில!"

பத்து மைலுக்குக் கவலை இல்லை.

ஒரு நாள் மத்தியானம் அந்த மருந்தும் பலிக்கவில்லை. தோட்டத்துச் செம்மண் பாதை, நேரான பாதை. நான் பினாங்கைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறேன், அண்ணனிடமிருந்து பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் கண் திறந்தே இருக்கிறது, ஆள் இல்லை. லாரி அவசரமே இல்லாமல், மாடு தண்ணீருக்கு இறங்குவதுபோல், பாதையோரக் கால்வாயில் இறங்கிச் சாய்ந்தது. எங்கள் இருவருக்கும் கீறல்தான். பழம் முழுக்க தண்ணீரில்.

அண்ணன் பழத்தைப் பார்க்கவில்லை. எங்களுக்கு எதிரே ஒரு பெண் மோட்டார் சைக்கிளில் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்து, கொஞ்சம் முன்புதான் எங்களைத் தாண்டிப் போயிருந்தாள். அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு கால்வாயில் நின்றார். அன்று சாயங்காலம் சாவியைத் தவுக்கேயின் மேசையில் வைத்தார்.

"என் தூக்கம் சரியாகுற வரைக்கும் நான் ஸ்டேரிங்க தொடமாட்டேன். சரியாகலைன்னா, தொடவே மாட்டேன்."

இருபது வயதிலிருந்து லாரி ஓட்டுகிறவர். வேறு எந்த வேலையும் தெரியாது. தெரிந்தாலும் அந்த உடம்போடு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

ஈப்போ பெரிய மருத்துவமனையில் இளவயது டாக்டரம்மா ஒருவர் விளக்கினார். கழுத்துக் கொழுப்பு அழுத்தி இரவெல்லாம் மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதனால்தான் பகலெல்லாம் தூக்கமாம். இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு காற்று இயந்திரம். எடை குறைய, இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை.

"மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்குத்தான் இருக்கும் அண்ணே."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்தப் பழம் டாக்டர்? பீசாங் மாஸா, பீசாங் தண்டோக்கா?"

விரல் நீளப் பழத்துக்கும் முழங்கை நீளப் பழத்துக்கும் உள்ள வித்தியாசம் டாக்டருக்கும் தெரிந்திருந்தது. "மாஸ்தான்."

"தண்டோக் போட்டுக் குடுங்களேன். ஏழைக்கு ஏதோ..."

அறுப்பதற்கு முன் கொஞ்சமாவது எடையைக் குறைத்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். சரி, முதலில் எடை பார்க்கலாம் என்று ஏறினால், கிளினிக் இயந்திரம் எண்ணைக் காட்டாமல் ஏதோ எழுத்தைக் காட்டி அணைந்துபோனது. பெரிய இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. அண்ணன் அசரவில்லை. "டாக்டர், எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு."

ஆலை எடைமேடையில் புது டிரைவர் லாரியை ஏற்ற, அண்ணன் என் இடத்தில் உட்கார்ந்து ஒருமுறை, அண்ணனை இறக்கிவிட்டு ஒருமுறை. இரண்டுக்கும் நடுவே வரிசையில் நின்ற லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. கிராணி சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நூற்று எழுபது கிலோ, சரக்கு: செம்பனைப் பழம்.

டாக்டர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பழம்னு போட்டிருக்கே."

"ஆமா டாக்டர். ஏ கிரேடு."

எடையைக் குறைக்கச் சொன்னால் அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? விடைபெறப் புறப்பட்டார். இத்தனை வருஷம் சோறு போட்ட கடைகளிடம் சொல்லிக்கொள்ளாமல் போவது முறையில்லையாம். ஈப்போவில் தாவ்கே கோழி, தெலுக் இந்தானில் சீ சியோங் ஃபன் அரிசிச் சுருள், லூமுட் படகுத்துறையில் சுட்ட திருக்கை மீன். ஒவ்வொரு கடையிலும் முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, கடைக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "போய்ட்டு வாரேன்" என்பார். வாழையிலைக் கடைக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துப் போனால் எடை ஏறியிருந்தது.

"அண்ணே, நான் விளையாடல," என்றார் டாக்டர். "இப்படியே வந்தா அறுக்க மாட்டேன். அறுக்கலன்னா லாரிய மறந்துடுங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் தூங்கவே இல்லை. அடுத்த நாளிலிருந்து அவர் வேறு ஆள். சோறு நின்றது. சீனி நின்றது. கடைசி இரண்டு வாரம் டாக்டர் சொன்ன பால் மாவுக் கரைசல் மட்டும். ஆனால் அதையும் அவர் பாணியில்தான் குடித்தார். மேசையில் வாழையிலை விரித்து, தண்ணீர் தெளித்து, நடுவில் கோப்பையை வைத்துக்கொண்டு உட்காருவார். குடித்ததும் இலையை மடித்து வைப்பார். எதிரில் நான் உட்கார்ந்து சோறு சாப்பிட வேண்டும்.

"என்ன குழம்பு?"

"கருவாட்டுக் குழம்பு அண்ணே."

"கத்திரிக்கா போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்பளம் கடி. ...சத்தம் பத்தல. இன்னொண்ணு கடி."

எனக்கு நாலு கிலோ ஏறியது.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் சின்னச் சின்னதாக அஞ்சு ஓட்டைகள்தான். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அண்ணனுடைய அக்கா காத்திருந்தார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியம் பார்ப்பது அவர் தொழில். தோட்டம் இருந்த காலத்திலிருந்து, தோட்டத்தை விற்று எல்லாரும் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும், அந்த வட்டாரத்துத் தாய்மார்கள் எல்லாம் அவர் கையில் மிளகு ரசம் குடித்தவர்கள்தான். அவருடைய சாஸ்திரத்தில் வயிற்றில் கத்தி பட்டால் அது பாந்தாங், அதாவது பிரசவப் பத்தியம். ஆணா பெண்ணா என்பது வேறு விஷயம்.

அண்ணனுக்கு வயிற்றைச் சுற்றி நீளத் துணி கட்டப்பட்டது. காதில் பஞ்சு, காலில் காலுறை, ஜன்னல் சாத்தி சாம்பிராணி. பூண்டும் மிளகும் இஞ்சியும் வடிகட்டிய கோழிச் சாறு ஒரு மடக்கு. பார்க்க வந்த பெண்கள் வாசலிலேயே மஞ்சள் நீரில் கால் கழுவிவிட்டு வந்தார்கள். பழக்கத்தில் ஒருத்தி குழந்தைப் பவுடர் டப்பாவோடு வந்துவிட்டாள். அண்ணன் நன்றி சொல்லி வாங்கிப் பூசிக்கொண்டார்.

எல்லாம் சரி. தண்ணீர் மட்டும் கிடையாது.

"அக்கா, டாக்டர் தண்ணி குடிச்சிக்கிட்டே இருக்கணும்னு சொன்னாங்க," என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எத்தன புள்ள பெத்துருக்க?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அண்ணனோ அக்காவை எதிர்த்துப் பேசிப் பழகாதவர். நாலாம் நாள் காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண் உள்ளே போயிருந்தது. உதடு வெடித்திருந்தது. சிறுநீர் பால் விடாத கோப்பி ஓ நிறத்தில் போகிறது என்று மெதுவாகச் சொன்னார். "டேய், இதுக்கா இவ்வளவு பட்டேன்?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவரைத் தூக்க நாலு பேர் வந்தோம்.

ஈப்போவில் கையில் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"யாரும்மா தண்ணி குடுக்கக் கூடாதுன்னு சொன்னது?"

"வயிறு அறுத்தவங்களுக்கு யாரு தண்ணி குடுப்பா? உள்ள போயி ஊதிக்கும்ல!"

"அவரு புள்ள பெக்கலைம்மா."

"எனக்குத் தெரியாதா? எந்தம்பி!" அக்கா அண்ணனின் போர்வையைச் சரிசெய்தார். "எங்கையில முன்னூறு பொம்பளைங்க எந்திரிச்சுப் போயிருக்காங்க டாக்டர். இவன நானே கொன்னுருப்பேனா?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அக்கா, இவரு வயிறு இப்ப பொறந்த புள்ள வயிறு மாதிரி. பொறந்த புள்ளைக்கு நீங்க எப்படிக் குடுப்பீங்க?"

அக்கா மூக்கைச் சிந்தினார். "சங்குல. கொஞ்சம் கொஞ்சமா. அழுவுறதுக்கு முன்னாலயே."

"அதையே செய்ங்க."

முதல் வாரம் பெற்றவளாக இருந்த அண்ணன், இரண்டாம் வாரம் பிறந்த குழந்தையானார். அக்கா வெள்ளிச் சங்கை இடுப்பில் செருகிக்கொண்டு வீடு முழுக்க அவர் பின்னால் நடந்தார். தண்ணீர், பிறகு பால், பிறகு மசித்த பருப்பு. கொடுத்ததும் முதுகைத் தட்டி ஏப்பம் வர வைப்பார். வராவிட்டால் விடமாட்டார். நூற்று ஐம்பது கிலோ மனிதர் தலையைக் குனிந்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

எடை இறங்க இறங்க அண்ணனின் சட்டைகள் கொடியில் காயும் போர்வைகள் ஆயின. முடி கொட்டியது. கன்னம் தொங்கியது. அவர் தெருவில் நடந்து போனால், "என்ன வியாதியாம்?" என்று பின்னால் கேட்பார்கள். அவர் அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. கவலை வேறாக இருந்தது. ஒரு சாயங்காலம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

"டேய், பசிக்கல."

"நல்லதுதானே அண்ணே."

"எங்க வீட்டுல ஒம்போது பேரு. சம்பள நாளு அன்னிக்கு மட்டுந்தான் வயிறு நெறையும். பசி எங்கூடப் பொறந்தது. இப்ப அது இல்லாம, வீட்டுல ஒரு ஆளு கொறஞ்ச மாதிரி இருக்கு."

எனக்கும் அப்படிப்பட்ட வீடுதான். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் எதிரில் சாப்பிட ஆரம்பித்தேன். "சம்பல் எப்படி?" என்றார். "காரம் பத்தல," என்றேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஆனால் அவர் விழித்திருந்தார். அதுதான் பெரிய செய்தி. பகலில் விழித்திருக்கும் உலகத்தை அப்போதுதான் பார்க்கிறார். டிவி நாடகம் ஒன்றை முழுசாகப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மோசமான நாடகத்தையா அக்கா இத்தன வருஷமா பாக்குது?" என்று வருத்தப்பட்டார். கல்யாணத்தில் கோயில் தலைவரின் வாழ்த்துரையைக் கடைசிவரை கேட்டார். வெளியே வந்து, "முன்ன நான் தூங்குனதுல தப்பே இல்லடா," என்றார்.

உடம்பெல்லாம் வயர் ஒட்டி மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தார்கள். மூச்சு நிற்கவில்லை. டாக்டர் கையெழுத்துப் போட்டார். தவுக்கே சாவியைக் கொடுத்தார். அண்ணன் உடனே எடுக்கவில்லை. முதலில் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார்.

"நீ ரோட்டப் பாக்காத. என் கண்ணப் பாரு. கொஞ்சம் சொருகுனாலும் அடி."

ஒரு வாரம் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினேன். அடிக்க ஒரு வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

முதல் நாள் பாரம் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். அந்தக் கால்வாயோரத்தில் வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டினார். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அது என் வேலை. "கொஞ்சம் சும்மா இருக்கியா? ரோட்டப் பாக்க வேணாமா?" என்றார். சும்மா இருந்தேன். சும்மா இருந்து அந்த லாரியில் எனக்குப் பழக்கமில்லை. கண்ணைச் சுழற்றியது.

விழித்தபோது இஞ்சின் நின்றிருந்தது. ஆலை வாசலில் ஓரமாக நின்றிருந்தோம். என் பக்கத்து ஜன்னலில் வெயில் விழாமல் அவருடைய துண்டு தொங்கியது. பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தன. "நீங்க போங்கலா, அவன் எந்திரிக்கட்டும்," என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் மெதுவான குரலில் சொல்லிக்கொண்டு, பாட்டில் மூடியில் ஊற்றி ஊற்றித் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. ஆனாலும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.