மேலாய்வாளரின் கோல்ஃப் முன்னேற்ற வரலாறு

கோல்ஃப் என்னும் ஆட்டம் மனித குலத்துக்கு ஏன் அருளப்பட்டது என்ற கேள்விக்கு, குளிர்சாதனப் பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்றின் மேலாய்வாளர் தம் ஐம்பத்திரண்டாவது வயதில் விடை கண்டார். ஆலைகளை ஆய்வு செய்யத்தான்.

அதற்கு முன் மூன்று வருடம் சொந்த ஊர்க் கிளப்பில் ஞாயிறு தவறாமல் ஆடிவந்தார். பதினெட்டுக் குழிகளிலும் பந்தைப் போட எத்தனை அடி ஆகிறது என்பதுதான் ஆட்டம். குறைந்த அடியில் முடிப்பவர் கெட்டிக்காரர். அவருக்கு நூற்றிருபது ஆகும். பந்தைவிடப் புல்தான் அதிகம் அடிபட்டது. பயிற்சியாளர் ஒருநாள் அவரைத் தனியாக அழைத்துப்போய், கேரம் விளையாட்டின் அருமை பெருமைகளை எடுத்துச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் நிறுவனம் தன் நான்கு ஆலைகளில் ஒன்றைச் 'சீரமைக்க' முடிவு செய்தது. சீரமைப்பு என்றால் இழுத்துப் பூட்டுவது. எதைப் பூட்டலாம் என்று நேரில் ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு மேலாய்வாளரிடம் வந்தது. கைப்பெட்டியில் நான்கு சட்டையும் நீளப் பையில் பதினான்கு மட்டைகளுமாகக் கிளம்பினார்.

முதல் ஆலையின் மேனேஜர் இருபது வருடம் ஆடிப் பழகியவர். ஐந்தாவது குழிக்கு அடித்த மேலாய்வாளரின் பந்து நேரே குளத்துக்குள் போனது. மேனேஜர் கரையில் நின்று நெடுநேரம் யோசித்தார்.

"உங்க அடி சரியாத்தான் சார் போச்சு. குளம்தான் தப்பான இடத்துல இருக்கு."

குளத்தின் குற்றத்தை ஆட்டக்காரர் தலையில் கட்டுவது தர்மமல்ல என்பதால் அந்த அடி எண்ணப்படவில்லை. மொத்தம் நூற்றெட்டு. அறிக்கையில் 'தொலைநோக்குள்ள நிர்வாகம்' என்று ஏறியது.

சேதி அடுத்த ஆலைக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அங்கிருந்த மேனேஜர் வலது முழங்கையில் பெரிய கட்டோடு வந்து, வலியைப் பொருட்படுத்தாமல் தோற்றார். தொண்ணூற்றேழு. மூன்றாவது ஆலையில் பேக்கிங் பிரிவு ஆட்கள் நால்வர் மரங்களுக்குப் பின்னால் பணியமர்த்தப்பட்டார்கள். தோப்புக்குள் ஓடிப்போன பந்தெல்லாம் மனம் திருந்திப் புல்வெளிக்குத் திரும்பின. எண்பத்தாறு.

அன்று மதியம் மனைவிக்குப் போன் செய்து விவரம் சொன்னார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஃபேக்டரிய பாத்தீங்களா?" என்றார்.

"பதினாலாவது குழிகிட்ட நின்னா புகைபோக்கி நல்லாத் தெரியுது."

நான்காவது ஆலைக்கு ஒரு பெண் மேனேஜர். முந்நூற்று நாற்பது பேர் வேலை செய்யும் இடம். பழுது என்று திரும்பி வரும் பெட்டிகள் நான்கு ஆலைகளிலும் அங்கேதான் குறைவு. அதைக் காட்டத் தயாராக வாசலில் காத்திருந்தார். மேலாய்வாளர் காரைவிட்டு இறங்காமலே, கிளப் எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.

அந்த அம்மாவுக்கும் ஆடத் தெரியும் என்பது அவருக்கு இனித்தது. நன்றாக ஆடத் தெரியும் என்பதுதான் கசந்தது. எண்ணவும் தெரிந்திருந்தது. மேலாய்வாளரின் பந்து குளத்தில் விழுந்ததும் அதற்குரிய தண்டனை அடியையும் சேர்த்து அட்டையில் எழுதினார்.

மற்ற ஊர்களில் இதையெல்லாம் சேர்ப்பதில்லை என்று மேலாய்வாளர் நினைவூட்டினார்.

"அங்கெல்லாம் தண்ணி கம்மியா இருக்கும் சார்," என்றார் அந்த அம்மா.

பதினேழு குழி முடிவதற்குள் மேலாய்வாளரின் காதுமடல் சிவந்துவிட்டது. அந்த அம்மாவும் அதைக் கவனித்தார். கடைசிக் குழிக்கு அடிக்குமுன் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார். ஆலையில் கணவனும் மனைவியுமாக வேலை செய்யும் குடும்பங்களே அறுபது இருப்பதாகச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சார், இங்கேயே கைய தூக்கிடறேன். நீங்க ஜெயிச்சதாவே எழுதிக்குங்க. நாளைக்கு ஒரு மணி நேரம் மட்டும் உள்ள வந்து பாருங்க. போதும்."

மேலாய்வாளர் அதிர்ந்துபோனார். இத்தனை ஊர் சுற்றியதில் இப்படி ஒரு கேவலத்தை அவர் கண்டதில்லை.

"விளையாட்டுல நேர்மை முக்கியம்மா," என்றார்.

ஆகவே அந்த அம்மா நேர்மையாக அடித்தார். பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அடுத்த அடியில் உள்ளே போனது. மேலாய்வாளருக்கு அங்கே ஏழு அடி ஆயிற்று. மொத்தம் நூற்றுப்பதினேழு.

மறுநாள் அவர் ஆலைக்குப் போகவில்லை. விடுதி அறையிலேயே அமர்ந்து எழுதினார்: 'நிர்வாகத்தில் நெகிழ்வுத்தன்மை இல்லை. மேலிடத்தின் குறைகளை எண்ணும் மனப்போக்கு காணப்படுகிறது. மூடலாம்.' தலைமையகம் மகிழ்ந்தது. 'களத்தில் இறங்கி' ஆராய்ந்த அதிகாரி என்று பாராட்டிப் பதவி உயர்வும் கொடுத்தது. ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கிய வாரம், அவர் அறைக் கதவில் புதுப் பெயர்ப்பலகை மாட்டினார்கள்.

அந்த ஞாயிறு சொந்த ஊர்க் கிளப்புக்குப் போனார். அவரைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லை. குளமும் தன் பழைய இடத்திலேயே இருந்தது. நூற்றிருபத்துமூன்று ஆயிற்று. பயிற்சியாளர் மறுபடியும் கேரம் பேச்சை எடுத்தார். அவருக்கு என்ன தெரியும்? முந்நூற்று நாற்பது பேரை ஒரே கையெழுத்தில் குழியில் இறக்கிய கை அது. பந்து ஒன்றுதான் இன்னும் அதற்கு அடங்க மறுக்கிறது.