மூல் சேர் உப்புப் பார்த்த கஞ்சி

கல்முனைத் தேத்தண்ணிக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் அஞ்சுகிற ஒரு மனிதர் உண்டென்றால் அது எங்கள் பள்ளிக்கூடத்து மூல் சேர்தான். எத்தனை கரண்டி சீனி என்று கேட்டால், லீற்றருக்குப் புள்ளி ஒரு மூல் வருகிற மாதிரிப் போடச் சொல்வார். கடைக்காரர் விழித்தால் போச்சு. டசன் என்றால் பன்னிரண்டு, மூல் என்றால் அறுநூறு கோடி கோடி கோடி என்று பாடம் தொடங்கிவிடும். பின்னால் நிற்பவர்களின் தேத்தண்ணி ஆறிவிடும்.

நான் தமிழ் படிப்பிக்கிற அதே பள்ளியில்தான் அவர் இரசாயனவியல் படிப்பிக்கிறார். ஒருநாள் ஆசிரியர் அறையில் ஒரு கரண்டி சீனியைச் சிந்திவிட்டேன். ஒன்பது கோடி கோடி கோடி மூலக்கூறுகளை அநியாயமாக்கிவிட்டேன் என்று ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. விசரன் என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த விசரன் இல்லாவிட்டால் போன நோன்பில் என் மானம் கப்பலேறியிருக்கும்.

எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியை நாளுக்கொரு வீடு பொறுப்பெடுக்கும். வாப்பா மௌத்தாகி வந்த முதல் நோன்பு அது. அதில் ஒருநாள் கஞ்சி வாப்பாவின் பேரில் எங்கள் வீட்டுப் பொறுப்பு. ஊர் குடித்துவிட்டு அவருக்காகத் துஆக் கேட்கவேண்டிய கஞ்சி.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த சமையற்காரர் கஞ்சிக் காக்கா, சட்டிக்கு உப்புப் போட்டார். அவர் தொழப் போன நேரம் அவருடைய மச்சினனும் போட்டிருக்கலாம். போட்டேனா, போடத்தான் நினைத்தேனா என்று மச்சினனுக்கே தெரியவில்லை. நுனி நாக்கில் வைத்துத் துப்பலாம் என்று மௌலவி சொன்னார்.

"என்ட நோன்ப நான் பணயம் வைக்கமாட்டன்," என்றார் காக்கா. எங்களுக்கும் துணிவு வரவில்லை.

சின்னப் பிள்ளை ஒன்றுக்குக் கொடுத்தோம். அது சீனி கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மூல் சேருக்குப் போனில் கோல் எடுத்தேன். வந்தார், ஒரு போத்தலில் கஞ்சியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு நடந்தார். வடித்தார், நீர் சேர்த்தார், மஞ்சள் நிறங்காட்டி கலந்தார், அளவிக் குழாயால் வெள்ளி நைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மஞ்சள் கரைசல் செம்மண் நிறத்துக்கு மாறியதும் கணக்குப் போட்டார். நான் வாசலில் நின்று ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

"லீற்றருக்குப் புள்ளி ரெண்டு மூல். போன வருசம் நல்ல கஞ்சி ஒண்ட அளந்து பாத்தனான், அது புள்ளி ஒண்டு. ரெண்டு பேரும் போட்டிருக்காங்க சேர். உப்பில்லாம இன்னொரு சட்டி காய்ச்சிக் கலக்கச் சொல்லுங்க."

ஓடினோம். அயல் வீட்டுச் சட்டி வந்தது, அரிசி வந்தது, தேங்காய்ப்பால் வந்தது. பாங்கு சொல்லி முதல் வாய் இறங்கியபோது காக்கா கண்ணை மூடிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ், உப்பு அளவு அச்சொட்டு. ஊரே கையேந்தி வாப்பாவுக்குத் துஆக் கேட்டது. எனக்கு உயிர் வந்தது.

என் பக்கத்தில் இருந்து குடித்த மூல் சேர், ஒரு கோப்பைக்குள் பன்னிரண்டு கோடி கோடி கோடி சோடியம் அயன் இருப்பதாக மௌலவிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இந்த மனிதர் மெதடிஸ்த ஆலயத்துக்குப் போகிறவர். இவருக்கு என்ன நோன்பு?

"சேர், நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாத்துச் சொல்லியிருக்கலாமே?"

கோப்பையை வழித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க எல்லாரும் வயிறு காஞ்சு போய் நிக்கக்குள்ள எனக்கு மட்டும் எப்பிடி சேர் இறங்கும்?"