சில்லோருக்குத் தாய்மாமன் இல்லை

விழுப்புரம்,
திங்கட்கிழமை, காலை.

மதிப்பிற்குரிய மச்சான் ஆனந்தராஜ் அவர்களுக்கு,

சித்தார்த்தன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை அருணா நலம். பேச்சு மட்டும் குறைவு. உங்கள் மருமகள் வெண்ணிலா நலம். பல் நான்கு. அங்கே திண்டிவனத்தில் உங்கள் நலம், வீட்டில் எல்லோர் நலம், டிப்பர் லாரிகள் இரண்டின் நலம் எல்லாம் அறிய ஆவல். ஒன்பது நாட்களாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை. அதனால் கடிதம். போனை எடுக்காமல் இருக்கலாம். தபால்காரர் கையில் திணித்துவிடுவார்.

விஷயம் ஒன்றுதான். வருகிற வெள்ளிக்கிழமை கோலியனூர் அம்மன் கோயிலில் வெண்ணிலாவுக்கு மொட்டை அடித்துக் காது குத்துகிறோம். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அருணாவுடன் பிறந்தது நீங்கள் ஒருவர். ஆக, உலகத்தில் ஒரே ஒரு மடிதான் இருக்கிறது. அது திண்டிவனத்தில் இருக்கிறது. "எங்க அண்ணன் மடி இல்லன்னா காது குத்து இல்ல" என்று அருணா சொல்லிவிட்டாள். அண்ணனுக்கு என்ன கோபம் என்று கேட்டால், "உங்களுக்குத் தெரியாதா?" என்கிறாள். தெரியாது. ஒன்பது நாள் யோசித்தேன். இப்போது தெரிந்துவிட்டது. காரணம் சில்லோர். அதை விளக்கி மன்னிப்புக் கேட்கவே இந்தக் கடிதம்.

என் வேலையை உங்களுக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குக் கதை எழுதுவது. விளையாட வருகிறவர் முதலில் தான் எந்த இனத்தில் பிறக்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இனம் எங்கிருந்து வந்தது என்று சொல்வது என் பொறுப்பு. அன்று நீங்கள் மல்லாட்டை உரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"ஆரம்பத்துலயே நீ இன்னா ஆளுன்னு கேக்குதா? இங்க கேக்கறது பத்தாதா மாப்ள?"

"இதுல நாமளே பாத்து எடுத்துக்கலாம் மச்சான்."

இன்னும் நாலு கடலை உரித்தீர்கள். ஓடுகள் மட்டும் விழுந்தன. பிறகு சொன்னீர்கள்: "அப்ப நல்ல கேம்தான்."

அந்த விளையாட்டில் நான்கு இனங்கள் இருந்தன. மரத்தில் பிறந்தவர்கள், நீரில் பிறந்தவர்கள், நெருப்பில், காற்றில். ஐந்தாவது வேண்டும் என்று கம்பெனி கேட்டது. மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெண்ணிலா தவழ்ந்து வந்து ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துவாள். அந்த மூன்று மாதத்தில் அவள் எழுதியதுதான் அதிகம்.

பிறகு தை மாதத்தில் நாம் மண்டகப்பட்டு போனோம். நினைவிருக்கும். நான் குகைக்குள் நின்று கல்வெட்டைப் பார்த்தேன். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் எடுத்த கோயில் என்று அதில் இருக்கிறது. இல்லை, இல்லை என்று சொல்லியே ஒரு கோயில். எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் உள்ளே வரவே இல்லை. வெயிலில் இடுப்பில் கை வைத்து நின்றீர்கள். பாறையை மேலிருந்து கீழே பார்த்தீர்கள். அப்புறம் பின்பக்கம் போனீர்கள். புதர்களைக் காலால் விலக்கிப் பார்த்தீர்கள். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று ஓடி வந்தேன்.

"வெட்டன கல்லு எங்க மாப்ள?"

"எந்தக் கல்லு?"

"இம்மாம் பெரிய குழி தோண்டியிருக்கான். உள்ள இருந்த கல்லு எங்க? கொறஞ்சது முப்பது லோடு வந்திருக்கும். ஒரு லோடு கூட இங்க காணோம்."

ஆயிரத்து நானூறு வருடமாக எல்லோரும் குகையைப் பார்த்திருக்கிறார்கள். வெளியே வந்த கல்லைத் தேடியவர் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றியது. அன்று திரும்பும் வழியெல்லாம் நான் கண்ணை மூடியிருந்தேன். தூக்கம் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் அந்த முப்பது லோடையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எழுந்து வயல்வெளியில் நடந்து போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் எழுதினேன். ஒரே அமர்வில். இதுதான் ஆரம்பம்:

ஒரு மலை இருந்தது. அதன் வயிற்றில் ஒரு ராஜா வெறுமையைச் செதுக்கினான். வெறுமைக்கு எல்லோரும் விளக்கேற்றினார்கள். வெளியே கொட்டிய சில்லுகளை யாரும் பார்க்கவில்லை. மழை பார்த்தது. ஒரு நாள், வெயில் சாயும் நேரம், ஒரு சில்லு எழுந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். தாங்கள் இருந்த இடத்துக்கே திரும்பிப் போனார்கள். உள்ளே விளக்கு எரிந்தது. தொந்தரவுக்கு மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார்கள். இன்னும் நடக்கிறார்கள். தூங்கும்போது மட்டும் எல்லோருக்கும் ஒரே கனவு. அதில் அவர்கள் ஒரே மலை.

சில்லோர் என்று பெயர் வைத்தேன். கம்பெனியில் எல்லோருக்கும் பிடித்தது. அங்கிருந்துதான் தொல்லை ஆரம்பம். சோதித்துப் பார்க்கிற பிரவீன்குமார் முதல் நாளே போன் செய்தான், சார் உங்க ஆளுங்க நடக்கவே மாட்டேங்கறாங்க, பத்தடிக்கு ஒருக்கா நின்னு திரும்பிப் பாக்கறாங்க, அதுக்குள்ள எதிரி வந்து அடிச்சிட்டுப் போயிடறான் என்றான். திரும்பிப் பார்ப்பது அவர்கள் இயல்பு என்றேன். மறுநாள் ஆற்றைக் கடக்கவிட்டான். கல் அல்லவா, அடியில் போய் நின்றுவிட்டது. செத்துவிட்டதாக நினைத்து இவன் டீ குடிக்கப் போய்விட்டான், திரும்பி வந்தால் அது சாகவில்லை, அடியில் நின்று மீன்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை மேலே கொண்டுவர ஒரு வழியும் இல்லை, நான் எழுதவில்லை. சண்டைக்கு ஆயுதம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கீழே வைத்துவிடுகிறது. இதையெல்லாம் சமாளித்தோம். கடைசியில் காது வந்தது.

மற்ற நான்கு இனத்துக்கும் தோடு உண்டு. தோடு போட்டால் வலிமை கூடும். சில்லோருக்குத் தோடு போட முடியவில்லை. "சார், இவங்களுக்குக் காதுல ஓட்டையே இல்ல, மறந்துட்டீங்களா?" என்றான் பிரவீன்குமார். மறக்கவில்லை. கதையின் ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: "மலையின் துண்டுகள் அவர்கள். தாய் இல்லை. தாய்க்கு அண்ணன் தம்பி இல்லை. உட்கார ஒரு மடி இல்லை. ஆகவே காது குத்தவில்லை." நல்ல வாக்கியங்கள். எடுக்க மாட்டேன் என்றேன். கூட்டம் போட்டார்கள். படம் வரைகிற பெண் கொல்கத்தாக்காரி. காதுக்கும் அம்மாவின் அண்ணனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். நாற்பது நிமிடம் விளக்கினேன். மடி, மொட்டை, சீர்த் தட்டு எல்லாம் சொன்னேன். முடிவில் அவள் கண் கலங்கிவிட்டாள். பாவம் இந்தக் கற்கள் என்றாள். ஓட்டை வேண்டாம் என்று முடிவாயிற்று.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். பத்து நாட்களுக்கு முன், வெள்ளிக்கிழமை காலை, குடும்ப வாட்ஸப் குழுவில் இரண்டு அனுப்பினேன். ஒன்று வெண்ணிலாவின் காதணி விழா பத்திரிகை. அடுத்த நிமிடம், சில்லோர் கதை, பதினோரு பக்கம். இரண்டுக்கும் நீங்கள் பார்த்த நீலக் குறி விழுந்தது. மறுநாளிலிருந்து போன் எடுக்கவில்லை.

பத்திரிகையில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. அதில் ஒன்றுமே இல்லை. நான்தான் எழுதினேன். "வெள்ளிக்கிழமை. வெண்ணிலாவுக்குக் காது குத்துகிறோம். வாருங்கள்." கீழே கோயில், நேரம். அவ்வளவுதான். நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அச்சகத்து கோதண்டபாணிகூட அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கீழ எடம் நெறைய இருக்குதே சார், பேருங்க போடலாமே?" வெற்றிடமும் பேசும் என்று அவருக்குச் சொன்னேன். "பேசும் சார், பேசும்" என்றார்.

ஆகவே கோபம் கதையால்தான். உங்கள் கேள்வியைத் திருடிக் கதை பண்ணினேன். உங்களைக் கேட்கவில்லை. அதில் வருகிற முதல் சில்லோன் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். அதிகம் பேசுவதில்லை. யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. படித்தால் நீங்கள் என்று தெரிந்துவிடும். அது போதாதென்று, தாய்மாமனே இல்லாத ஒரு கூட்டம் என்றும் எழுதிவிட்டேன். குழந்தைக்குக் காது குத்தப் பத்திரிகை வந்த அடுத்த நிமிடத்திலேயே. எந்தத் தாய்மாமனுக்குத்தான் வலிக்காது?

நேரில் சொல்லத்தான் வியாழக்கிழமை வந்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து, உங்கள் லாரிகள் ஜல்லி ஏற்றும் கிரஷர் வாசலுக்கு வந்தேன். எங்கும் வெள்ளைத் தூசு. மரம் வெள்ளை, நாய் வெள்ளை. கனவுக்குள் வந்தது போல் இருந்தது. உங்கள் டிரைவர் அப்பாதுரை எதிரில் வந்தார்.

"ஓனர் இல்ல சார்."

"எப்ப வருவாரு?"

"தெரியல சார். இல்லன்னு மட்டுந்தான் சொல்லச் சொன்னாரு."

அவருக்குப் பின்னால், லாரிக்கு அந்தப் பக்கம், இடுப்பில் கை வைத்த ஒரு நிழல் தரையில் நீண்டிருந்தது. அது நகரவில்லை. நான் நிழலுக்கு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் ஏறும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் தலை, சட்டை எல்லாம் தூசு. ஜன்னல் கண்ணாடியில் ஒரு சில்லோன் உட்கார்ந்திருந்தான். தாய்மாமன் இல்லாத வீட்டில் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை அது நல்ல வாக்கியமாக மட்டும் இருந்தது.

நீங்கள் சொன்னால் சில்லோர் இனத்தையே எடுத்துவிடுகிறேன். கம்பெனிக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். ஐந்தாவது இனத்துக்கு வேறு யாரையாவது பிறக்கச் சொல்கிறேன். எடுக்க வேண்டாம் என்றால் ஒரே ஒரு வரி சேர்க்கிறேன். நேற்று எழுதியது: "பல காலம் கழித்து ஒருவர் லாரியில் வந்தார். குகையைப் பார்க்காமல், இவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டார். எங்கே என்று முதலில் கேட்டவர்தான் தாய்மாமன்." வரியை பிரவீன்குமாருக்கும் அனுப்பி வைத்திருக்கிறேன். வைக்கவா எடுக்கவா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் வெள்ளிக்கிழமை வந்துவிடுங்கள் மச்சான். கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டார் அனைவருக்கும் என் வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு, அப்பாதுரைக்கு மன்னிப்பு. மலைகள் எல்லாம் உங்களுக்கு வழி விடட்டும்.

பணிவுடன்,
உங்கள் தங்கை கணவன்,
சித்தார்த்தன்.

பி.கு: அதே நாள், மாலை. மேலே எழுதியது எதுவும் செல்லாது.

உங்கள் பின்கோடு கேட்க அருணாவிடம் போனேன். கடிதத்தை வாங்கிப் படித்தாள். நாலாவது பக்கத்தில் சிரிக்க ஆரம்பித்தாள். ஒன்பது நாளில் முதல் சிரிப்பு. வெண்ணிலாவும் சேர்ந்துகொண்டாள்.

"அண்ணனுக்கு அந்தக் கத இன்னான்னே தெரியாது. தெறக்கவே இல்ல. பதினோரு பக்கம் யாரு படிப்பா?"

"அப்புறம் எதுக்குக் கோவம்?"

"பத்திரிகைய எடுங்க. தாய்மாமன் பேரு எங்க இருக்குது?"

பார்த்தேன். வெற்றிடம் பேசியது.

"அவருதான் தாய்மாமன்னு ஊருக்கே தெரியுமே அருணா."

"தெரியும். அதனாலதான் போடணும். மொத பத்திரிகைய தட்டுல வெத்தல பாக்கோட எடுத்துக்கினு போய் நேர்ல வைக்கணும். நீங்க இன்னான்னா வாட்ஸப்ல தட்டி உட்டுட்டு, கல்லு எழுந்து நடக்குது, மீனு பாக்குதுன்னு கத எழுதிக்கினு..."

மூன்று வரியில் உங்களைக் குடைந்து வெளியே போட்டுவிட்டேன் மச்சான். வெறுமை அழகாக இருந்தது.

உடனே கோதண்டபாணியிடம் ஓடினேன். "அதான் சார் கீழ எடம் உட்டு வச்சேன்" என்றார். புதுப் பத்திரிகையில் நாற்பத்தாறு பெயர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தனிக் கட்டத்தில், தடித்த எழுத்தில், தாய்மாமன் எம். ஆனந்தராஜ், டிப்பர் உரிமையாளர், திண்டிவனம். என் வாழ்நாளிலேயே மோசமான எழுத்து. அருணா இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கடிதம். படிக்காவிட்டாலும் பரவாயில்லை. இல்லை என்று மட்டும் சொல்லச் சொல்லாதீர்கள்.

இந்த நேரத்தில் பிரவீன்குமாரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. நான் சொல்லும்வரை காத்திருக்காமல் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டானாம். "சார், சில்லோருக்குக் காது குத்தியாச்சு. தோடு நல்லா இருக்குது."

இனி வெண்ணிலா மட்டும்தான் பாக்கி.